கண்டுபிடித்தவர் யார்?

2002ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தொலைபேசி உருவானதில் அன்டோனியோ மியூச்சி என்ற இத்தாலியரின் உழைப்பை ஏற்றுப் போற்ற வேண்டும் என்பது அதன் சாரம். பத்தே நாளில், ஜூன் 21 அன்று, கனடா நாடாளுமன்றம் பதிலுக்கு ஒன்றை நிறைவேற்றியது: தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்தான். மியூச்சி இறந்து 113 ஆண்டுகள், பெல் இறந்து 80 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு தீர்மானங்களுக்கும் சட்டப்படி எந்த விளைவும் கிடையாது. ஆனாலும் இரண்டு தேசங்கள் மெனக்கெட்டு அதைச் செய்தன.

நம் பொது அறிவுப் புத்தகங்களுக்கு இந்தச் சண்டையின் சத்தம் எட்டவே இல்லை. தொலைபேசி என்றால் கிரகாம் பெல், வானொலி என்றால் மார்க்கோனி, மின்விளக்கு என்றால் எடிசன், நீராவி இயந்திரம் என்றால் ஜேம்ஸ் வாட், அச்சு என்றால் கூட்டன்பர்க். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இந்த ஜோடிகள் போட்டித் தேர்வு வரை கூடவே வருகின்றன. பொருளுக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு மதிப்பெண். இவற்றில் எதையும் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதுதான் சுவாரசியம். ஒவ்வொரு பெயரும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் இடத்தில், யாரோ எடுத்த முடிவு. சில முடிவுகளை நீதிமன்றம் எடுத்தது, சிலவற்றைக் கம்பெனி விளம்பரம் எடுத்தது, சிலவற்றைத் தேசப் பெருமை எடுத்தது. முடிவு எடுத்தவர் யார் என்று தெரிந்துகொண்டால், கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வியே வேறுவிதமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

தொலைபேசியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்த விவகாரத்தின் எல்லா நோய்களும் அதில் இருக்கின்றன. 1861இல் பிராங்க்ஃபர்ட் நகரில் பிலிப் ரைஸ் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர், ஒலியை மின்சாரம் வழியே கடத்தும் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். இசை ஓரளவு நன்றாகக் கேட்டது, பேச்சு அரைகுறையாகத்தான் கேட்டது. மியூச்சி பிளாரன்சில் பிறந்தவர். ஹவானாவில் சில காலம் இருந்துவிட்டு 1850இல் நியூயார்க்கை ஒட்டிய ஸ்டேட்டன் தீவுக்குக் குடிபோனார். இத்தாலியப் புரட்சியாளர் கரிபால்டி அவர் வீட்டில் தங்கியிருக்கிறார் என்பது அந்த வீட்டுக்கு இன்றும் பெருமை. பேச்சைக் கம்பி வழியே அனுப்பும் தன் யோசனைக்காக மியூச்சி 1871 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு முன்னறிவிப்பு மனு கொடுத்தார். முழுக் காப்புரிமைக்குப் பணம் இல்லாதவர்கள் அன்று செய்யும் ஏற்பாடு அது. ஆண்டுக்குப் பத்து டாலர் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1874க்குப் பிறகு அவர் புதுப்பிக்கவில்லை.

அப்புறம் 1876 பிப்ரவரி 14. அன்று ஒரே நாளில் வாஷிங்டன் அலுவலகத்துக்கு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, பெல்லின் வழக்கறிஞர் கொடுத்த காப்புரிமை விண்ணப்பம். மற்றொன்று, எலிஷா கிரே கொடுத்த முன்னறிவிப்பு மனு. எது முதலில் மேசைக்கு வந்தது என்பதை வைத்து இன்றுவரை புத்தகங்கள் எழுதப்படுகின்றன. மார்ச் 7 அன்று 174,465 என்ற எண்ணில் பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்து, மார்ச் 10 அன்று, பாஸ்டனில் பெல்லின் குரல் அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனுக்குக் கேட்டது. வரிசையைக் கவனியுங்கள்: காப்புரிமை முதலில் வந்தது, பேச்சு பிறகு. அன்று பேசிய கருவியில் அமிலம் கலந்த நீரில் கம்பி அசையும். கிரேயின் மனுவில் விவரித்திருந்ததும் அதே வகைதான்.

பத்து ஆண்டு கழித்து இந்தக் கதை நாடகமாகவே ஆனது. காப்புரிமை அலுவலகத்தில் அந்தத் தாள்களைப் பரிசீலித்த செனாஸ் வில்பர் என்ற அதிகாரி 1886இல் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தார். நான் குடிப்பழக்கம் உள்ளவன், பெல் தரப்பு வழக்கறிஞர் ஒருவரிடம் கடன்பட்டிருந்தேன், கிரேயின் ரகசிய மனுவைப் பெல்லுக்குக் காட்டினேன், அவர் எனக்கு நூறு டாலர் கொடுத்தார் என்றார். பெல் சத்தியம் செய்து மறுத்தார். அதே வில்பர் அதற்கு முந்தைய ஆண்டு இதற்கு நேர்மாறாக இன்னொரு பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார் என்பதால் இவரை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக வைக்க முடியாது. பெல்லின் கம்பெனி அந்த ஆண்டுகளில் சந்தித்த வழக்குகள் நூற்றுக்கணக்கில். முக்கியமானவை எல்லாம் ஒன்றுசேர்ந்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1888இல் தீர்ப்பு வந்தது. பெல்லுக்கு ஆதரவாக நான்கு நீதிபதிகள், எதிராக மூன்று.

நான்குக்கு மூன்று. நாம் மனப்பாடம் செய்த விடை ஒரே ஓர் ஓட்டில் நிற்கிறது. அந்த ஓர் ஓட்டு மாறியிருந்தால் நம் புத்தகங்களில் எந்தப் பெயர் இருந்திருக்கும் என்று ஊகிப்பது வீண்வேலை. இருந்தாலும் பெல்லைத் திருடன் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. காது கேளாதோருக்குப் பேசக் கற்றுக்கொடுத்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். குரலின் அதிர்வை மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாக மாற்ற வேண்டும் என்ற அடிப்படை அவர் விண்ணப்பத்தில் தெளிவாக இருந்தது. மியூச்சியின் மனுவில் அந்தத் தெளிவு இல்லை என்பதையும் 1887இல் ஒரு நீதிபதி சொல்லியிருக்கிறார். ஏழை என்பதால் மட்டும் ஒருவர் சொல்வது முழு உண்மையாகிவிடாது. ஆனால் பணம் இல்லாததால் ஒருவர் வரிசையிலிருந்தே விலக நேர்ந்தது என்பதும் உண்மைதான்.

மின்விளக்கில் சண்டை இவ்வளவு காரசாரமாக இல்லை, சமரசம் சீக்கிரம் வந்துவிட்டது. கண்ணாடிக் குமிழுக்குள் ஓர் இழையைச் சூடாக்கி ஒளிரவைக்கும் யோசனை 1840களிலேயே இருந்தது. 1841இல் பிரடெரிக் டி மொலேன்ஸ் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமையே வாங்கினார். கனடாவில் உட்வர்ட், எவன்ஸ் என்ற இருவர் 1874இல் விண்ணப்பித்த காப்புரிமையின் உரிமையைப் பிற்பாடு எடிசன் விலைகொடுத்து வாங்கினார். யோசனை பழசு, பிரச்சினை காற்று. குமிழுக்குள் சிறிது காற்று இருந்தாலும் இழை கருகிவிடும். 1865இல் ஹெர்மன் ஸ்ப்ரெங்கல் பாதரசத்தைப் பயன்படுத்திக் காற்றை உறிஞ்சும் பம்பு ஒன்றை உருவாக்கினார். நல்ல வெற்றிடம் கிடைத்ததும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோசப் ஸ்வான் 1879 பிப்ரவரியில் பெரிய கூட்டத்தின் முன் தன் விளக்கை ஏற்றிக் காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் நியூஜெர்சியின் மென்லோ பார்க்கில் எடிசனின் கார்பன் இழை மணிக்கணக்கில் எரிந்தது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் ஒரே ஆண்டில் விளக்கு எரிந்ததற்குக் காரணம் மேதைமை மட்டும் அல்ல, அந்தப் பம்பும்தான். ஸ்ப்ரெங்கலின் பெயரை எந்த வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை.

அப்படியானால் எடிசன் பெயர் ஏன் நின்றது? விளம்பரம் ஒரு காரணம். உண்மையான காரணம் அதைவிட மதிப்புள்ளது. ஸ்வானின் இழை தடிமனானது, குறைந்த மின்தடை கொண்டது. அப்படிப்பட்ட விளக்குகளை ஊர் முழுக்க எரிக்க வேண்டுமானால் செப்புக் கம்பிக்கே சொத்தை எழுதிக்கொடுக்க வேண்டும். எடிசன் மெல்லிய, மின்தடை மிகுந்த இழையைத் தேடினார், அதற்காக ஜப்பானின் கியோத்தோ பக்கத்து மூங்கில் வரை போனார். விளக்கோடு ஜெனரேட்டர், மீட்டர், ஃபியூஸ் எல்லாம் சேர்ந்த ஓர் ஏற்பாட்டையே திட்டமிட்டார். 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவருடைய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. லண்டனில் ஸ்வானும் எடிசனும் வழக்காடி அலையாமல் 1883இல் ஒரே கம்பெனியாகச் சேர்ந்தார்கள். ‘எடிஸ்வான்’ என்ற பெயரில் பல்புகள் விற்றன. பிரிட்டனில் ஸ்வான் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. நமக்கு ஆங்கிலேயர் ஆட்சி வழியாகப் படிப்பு வந்தும், விடை மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது.

இந்த இரண்டு கதைகளிலும் இருக்கும் ஒருவரை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். பெல்லின் காப்புரிமைக்கான படங்களை வரைந்தவர் லூயிஸ் லாட்டிமர் என்ற கறுப்பின வரைவாளர். அவருடைய பெற்றோர் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்கள். 1882இல் கார்பன் இழை தயாரிக்கும் முறை ஒன்றுக்கு அவரே காப்புரிமை பெற்றார், பிறகு எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு பெரிய கண்டுபிடிப்புகளின் அருகிலும் நின்ற மனிதர், கேள்வித்தாளில் எங்கும் இல்லை.

வானொலிக்கு வருவோம். இங்கே நமக்கும் பங்கு இருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மின்காந்த அலைகள் இருக்க வேண்டும் என்று 1860களில் கணக்குப் போட்டுச் சொன்னவர் மேக்ஸ்வெல். 1888 வாக்கில் ஆய்வுக்கூடத்தில் அதை நிரூபித்தவர் ஹென்ரிக் ஹெர்ட்ஸ். 1894 ஜனவரி முதல் நாள், 36 வயதில் ஹெர்ட்ஸ் இறந்துபோனார். அந்த மரணம் வானொலி வரலாற்றில் ஒரு முக்கிய நிகழ்ச்சி. அவர் நினைவாக அந்த ஆண்டு ஜூனில் லண்டனில் ஆலிவர் லாட்ஜ் ஓர் உரையாற்றினார். பிரெஞ்சுக்காரர் பிரான்லி உருவாக்கிய, உலோகத் துகள் நிரப்பிய குழாயைக் கொண்டு அலைகளைப் பிடித்துக் காட்டினார். உரை அச்சில் வந்து பல நாடுகளுக்குப் போனது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் அதைப் படித்தார். ரஷ்யாவில் அலெக்சாண்டர் பொப்போவ் அதைப் பின்தொடர்ந்தார். இத்தாலியில் இருபது வயது மார்க்கோனி, பேராசிரியர் ரீகி எழுதிய ஹெர்ட்ஸ் அஞ்சலிக் கட்டுரையைப் படித்துப் பற்றிக்கொண்டார். 1895 ஒரே ஆண்டில் மூன்று ஊர்களில் மூன்று பேர் ஒரே திசையில் நடந்ததில் மாயம் ஒன்றும் இல்லை. மூவரும் கிட்டத்தட்ட ஒரே பாடத்தைப் படித்திருந்தார்கள்.

போஸ் கல்கத்தாவில் சுவர்களைத் தாண்டி அலைகளை அனுப்பி, தூரத்தில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தை வெடிக்கவும் செய்தார். அவர் கையாண்ட அலைகள் மில்லிமீட்டர் கணக்கில் நீளம் கொண்டவை. அவ்வளவு சிறிய அலைகளுக்கு அன்று யாருக்கும் பயன் தெரியவில்லை, இன்று ரேடாரும் செல்பேசிக் கோபுரங்களும் அந்தப் பக்கம் வந்திருக்கின்றன. பொப்போவ் 1895 மே 7 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இடிமின்னலை முன்கூட்டி உணரும் கருவியைக் காட்டினார். அந்த நாளை ரஷ்யா இன்றும் வானொலி தினமாகக் கொண்டாடுகிறது. மார்க்கோனி 1896இல் இங்கிலாந்து சென்று ஜூன் 2 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், அடுத்த ஆண்டே கம்பெனி தொடங்கினார். 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருந்து கடல் கடந்து நியூபவுண்ட்லாந்துக்குச் சமிக்ஞை வந்துசேர்ந்ததாக அறிவித்தார். 1909இல் பிரவுன் என்பவரோடு பகிர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

அட்லாண்டிக் கடந்த அந்தச் சமிக்ஞையை வாங்கியதாகச் சொல்லப்படும் கருவி ‘இத்தாலியக் கடற்படைக் குழாய்’ என்று அழைக்கப்பட்டது. பாதரசம் கொண்ட அதே வகை உணரியைப் பற்றிப் போஸ் 1899இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டிருந்தார். புரபீர் பந்தோபாத்யாய் என்ற ஆய்வாளர் 1998இல் இந்தத் தொடர்பை விரிவாக எடுத்துவைத்தார். போஸ் காப்புரிமையே எடுக்கவில்லை என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். அது சரியல்ல. தனக்கு விருப்பம் இல்லாவிட்டாலும் சகோதரி நிவேதிதையும் சாரா புல்லும் வற்புறுத்தியதால் அவர் 1901இல் விண்ணப்பித்தார். 1904இல் 755,840 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அது கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை அலையுணரியாகப் பயன்படுத்தும் முறை. குறைக்கடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமை என்று அதைத்தான் சொல்கிறார்கள். வானொலியின் தந்தை என்று போஸுக்குப் பட்டம் கட்டுவதைவிட இது பல மடங்கு உறுதியான பெருமை, ஆனால் பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்காது.

டெஸ்லா ரசிகர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வானொலியைக் கண்டுபிடித்தவர் டெஸ்லாதான் என்று தீர்ப்பளித்துவிட்டது என்பது இணையத்தில் உலவும் பெரிய பொது அறிவுத் துணுக்கு. தீர்ப்பைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முதல் உலகப் போரில் தன் காப்புரிமைகளை அமெரிக்க அரசு பயன்படுத்தியதற்கு நஷ்டஈடு கேட்டு மார்க்கோனி கம்பெனி போட்ட வழக்கு அது. அலைவரிசையை ஒத்திசைக்கும் முறை பற்றிய ஒரு காப்புரிமையின் முக்கியப் பகுதிகள் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. லாட்ஜ், டெஸ்லா, ஜான் ஸ்டோன் ஸ்டோன் ஆகிய மூவரும் (கடைசிப் பெயர் அச்சுப்பிழை அல்ல) அதை முன்பே செய்திருந்தார்கள் என்பது காரணம். முதன்முதலில் வெற்றிகரமாக வானொலிச் சமிக்ஞை அனுப்பியவர் என்ற மார்க்கோனியின் புகழ் அவருடைய வேறொரு காப்புரிமையைச் சார்ந்தது, அது இந்த வழக்கில் கேள்விக்கு உள்ளாகவில்லை என்று அதே தீர்ப்பு வெளிப்படையாக எழுதியிருக்கிறது. தீர்ப்பு வந்தது ஜூனில். டெஸ்லா அந்த ஜனவரியில்தான் நியூயார்க் ஓட்டல் அறை ஒன்றில் இறந்திருந்தார். சோகக் கதைக்கு நல்ல முடிவு வேண்டும் என்ற ஆசையில் மக்கள் தீர்ப்பையே மாற்றி எழுதிவிட்டார்கள்.

நீராவி இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொதிக்கும் கெண்டியைப் பார்த்து வாட் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்ற கதையைத் தள்ளிவிடலாம். தாமஸ் நியூகோமன் 1712இல் டட்லி பக்கத்தில் நிலக்கரிச் சுரங்க நீரை இறைக்கும் இயந்திரத்தை நிறுவியபோது வாட் பிறக்கவே இல்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த நியூகோமன் இயந்திர மாதிரி பழுதானபோது அதைச் சரிசெய்யக் கொடுத்தது வாட்டிடம். பழுதுபார்க்கப் போனவர், நீராவியைக் குளிர்விக்கத் தனி அறை வைத்தால் எரிபொருள் எவ்வளவோ மிச்சம் என்று கண்டார். 1769இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதைக் கண்டுபிடிப்பு அல்ல, திருத்தம் என்று குறைத்துச் சொல்லவும் முடியாது. அந்தத் திருத்தம் இல்லாமல் தொழிற்புரட்சி சுரங்க வாசலைத் தாண்டியிருக்காது.

அச்சுக்கலையில் சண்டை மனிதர்களுக்கு இடையே அல்ல, கண்டங்களுக்கு இடையே. சீனத்தில் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட வைர சூத்திரம் 868ஆம் ஆண்டுத் தேதி தாங்கியது. டுன்ஹுவாங் குகையில் கிடைத்த அது இப்போது லண்டனில் இருக்கிறது. தனித்தனி எழுத்துகளைக் களிமண்ணில் சுட்டு அச்சுக்கோத்தவர் பி ஷெங், காலம் 1040களையொட்டி. கொரியாவில் உலோக எழுத்துகளால் ‘ஜிக்ஜி’ என்ற பௌத்த நூல் 1377இல் அச்சானது. கூட்டன்பர்க்கின் விவிலியம் வந்தது 1455ஐ ஒட்டி, அதாவது ஜிக்ஜிக்கு முக்கால் நூற்றாண்டு கழித்து. அந்த ஆண்டே கடன்கொடுத்த யோகான் ஃபுஸ்ட் வழக்குப் போட்டு அச்சகத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார். கூட்டன்பர்க்கின் சாதனை வேறு: எழுத்து வார்க்கும் கைஅச்சு, ஈயக் கலவை, எண்ணெய் மை, திருகு அழுத்தி என்று நான்கையும் ஒரே தொழிலாக இணைத்தார். இருபத்துச் சொச்சம் எழுத்துகள் போதும் என்ற வசதி அவருக்கு இருந்தது. சீனத்து அச்சுக்கோப்பவருக்கு ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தது.

தமிழுக்கு அச்சு வந்த கதையிலும் இதே சிக்கல் சிறிய அளவில் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அன்றிக்கே அன்றிக்கசு பாதிரியார் வெளியிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்க நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அது என்று சொல்வது சரி. ஆனால் தமிழ் மொழி அச்சைக் கண்டது அதற்கும் முன்பு, 1554இல், லிஸ்பனில், ரோமன் எழுத்துகளில். கேள்வியில் ‘எழுத்தில்’ என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து விடை 24 ஆண்டு முன்பின் ஆகும். தேர்வு எழுதுகிறவர்கள் கவனிக்கலாம்.

விமானத்தில் ரைட் சகோதரர்களின் இடம் உறுதியானது. 1903 டிசம்பர் 17, முதல் பறத்தல் 12 வினாடி, 120 அடி. ஆனால் அந்த உறுதியைக் காக்க ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராக இருந்த சாமுவேல் லாங்லியின் விமானம், ரைட் பறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. 1914இல் அதே விமானத்தைத் திருத்தி, மாற்றியமைத்துப் பறக்கவிட்டு, முதலில் பறக்கும் திறன் பெற்றிருந்தது இதுவே என்று எழுதி ஸ்மித்சோனியன் காட்சிக்கு வைத்தது. கோபம் கொண்ட ஆர்வில் ரைட் தன் விமானத்தை 1928இல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். ஸ்மித்சோனியன் 1942இல் வருத்தம் தெரிவித்தது, ஆர்வில் மறைந்த 1948இல் விமானம் ஊர் திரும்பியது. விலை ஒரு டாலர், கூடவே ஒரு நிபந்தனை: 1903க்கு முன் வேறு யாராவது மனிதனைச் சுமந்து கட்டுப்பாட்டோடு பறந்தார்கள் என்று ஸ்மித்சோனியன் எப்போதாவது சொன்னால் விமானத்தை ரைட் குடும்பத்தார் திரும்பக் கேட்கலாம். வரலாற்று உண்மையைச் சொத்துப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிரேசில்காரர்களிடம் கேட்டால், 1906இல் பாரிசில் சொந்தச் சக்கரத்தில் ஓடி எழும்பிய சாந்தோஸ் துமோனின் பெயரைத்தான் சொல்வார்கள்.

நம் நாட்டிலும் ஒரு பெயர் சொல்கிறார்கள். 1895இல் பம்பாய் சௌபாத்தி கடற்கரையில் சிவகர் பாபூஜி தல்படே விமானம் பறக்கவிட்டார் என்ற கதை திரைப்படம் வரை போய்விட்டது. அந்தக் காலத்து ஆவணச் சான்று எதுவும் இதற்கு இல்லை. இதோடு சேர்த்துப் பேசப்படும் ‘வைமானிக சாஸ்திர’த்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பொறியாளர்கள் 1974இல் ஆராய்ந்தார்கள். நூல் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதப்பட்டது, அதில் உள்ள விமானங்கள் பறக்காது என்பது அவர்கள் முடிவு.

இந்தமாதிரிப் போலிப் பெருமைகளால் பெரிய நஷ்டம் என்னவென்றால், மெய்யான பெருமைகள் மங்கிப்போகின்றன. சங்கமகிராமத்து மாதவர் பதினான்காம் நூற்றாண்டுக் கேரளத்தில் பை, சைன் போன்றவற்றுக்கு முடிவிலாத் தொடர்களைக் கண்டார். அவருடைய மாணவர் மரபில் வந்த நீலகண்டரும் ஜேஷ்டதேவரும் எழுதிய நூல்களில் அவை இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஐரோப்பாவில் அதே தொடர்கள் கிரிகோரி, லைப்னிட்ஸ் பெயர்களில் வழங்கின. பூஜ்ஜியத்துக்கு வழிகாட்டி நூல்கள் ஆரியபட்டரைச் சொல்வதும் இப்படித்தான். ஆரியபட்டரிடம் இடமதிப்பு முறை இருந்தது, பூஜ்ஜியத்துக்கு என்று ஒரு குறியீடு இல்லை. பூஜ்ஜியத்தை ஓர் எண்ணாகவே கருதி அதைக் கூட்டவும் கழிக்கவும் விதி எழுதியவர் பிரம்மகுப்தர், ஆண்டு 628. கல்லில் எழுதிய பூஜ்ஜியம் கம்போடியாவில் 683ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும், குவாலியரில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் இருக்கிறது. பெஷாவர் பக்கம் கிடைத்த பக்‌ஷாலி ஏட்டின் காலத்தை இன்னும் விவாதிக்கிறார்கள். இவ்வளவு வளமான வரலாற்றை ஒரே பெயரில் அடைத்து, அதையும் தவறான பெயரில் அடைப்பது வீண்.

தமிழர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான உதாரணம் ஒன்றும் உண்டு. மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்று நம் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. சிவா அய்யாதுரை பதினான்கு வயதில் நியூஜெர்சி மருத்துவக் கல்லூரி ஒன்றின் அலுவலகக் கடிதப் போக்குவரத்துக்காக ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். அதற்கு ‘ஈமெயில்’ என்று பெயரிட்டு 1982இல் பதிப்புரிமை பெற்றார். அந்த வயதில் அது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் பதிப்புரிமை காப்பது அந்த நிரலை மட்டுமே, யோசனையை அல்ல. ரே டாம்லின்சன் 1971இலேயே அர்பாநெட் வலையில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பிவிட்டார், முகவரியில் ‘@’ குறியை வைத்ததும் அவரே. அய்யாதுரை இன்றும் தன் உரிமையை வலியுறுத்துகிறார், கணினி வரலாற்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. மியூச்சிக்கும் போஸுக்கும் ஆவணம் கேட்கும் நாம் இங்கேயும் ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு உதாரணங்களும் விதிவிலக்கா, விதியா? வில்லியம் ஆக்பர்ன், டோரதி தாமஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1922இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் இரண்டு மூன்று பேர் ஒரே காலத்தில் கண்டடைந்தவை அதில் 148. ராபர்ட் மெர்ட்டன் பிற்பாடு இன்னும் ஒரு படி போய், ஒரே ஒருவர் கண்டுபிடித்தது என்பதுதான் விளக்கம் தேவைப்படும் விசித்திரம் என்றார். புள்ளியியலாளர் ஸ்டீபன் ஸ்டிக்லர் 1980இல் வேடிக்கையாக ஒரு விதி எழுதினார்: எந்த அறிவியல் கண்டுபிடிப்பும் அதை முதலில் கண்டவர் பெயரில் வழங்குவதில்லை. அதற்கு ‘ஸ்டிக்லர் விதி’ என்று பெயரும் வைத்துவிட்டு, இதை முதலில் சொன்னவர் மெர்ட்டன் என்று அறிவித்தார். யார் முதலில் என்ற தகராறில் நடுவர் யார் என்பதற்கு நியூட்டன் கதையே போதும். நுண்கணிதம் நியூட்டனுடையதா லைப்னிட்ஸுடையதா என்று விசாரிக்க ராயல் சொசைட்டி 1712இல் குழு அமைத்தது. சொசைட்டியின் தலைவர் நியூட்டன். குழுவின் அறிக்கையை எழுதியவரும் அவரே.

காலம் கனிந்தால் கண்டுபிடிப்பு தானாக நடக்கும், தனிமனிதர் முக்கியமில்லை என்ற முடிவுக்குத் தாவுவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. பம்பு எல்லோருக்கும் கிடைத்தது, பேர்ல் தெரு எடிசனுக்கு மட்டும்தான் தோன்றியது. ஹெர்ட்ஸைப் பலர் படித்தார்கள், கடல் தாண்டி அனுப்ப முடியும் என்று பிடிவாதம் பிடித்தவர் மார்க்கோனி. மறுபுறம், சண்டையே இல்லாத கண்டுபிடிப்புகளையும் பார்க்க வேண்டும். வைய விரிவு வலையை 1989இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்தவர் டிம் பெர்னர்ஸ் லீ. தொலைபேசியைவிட உலகை அதிகம் மாற்றிய இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எந்த நாடாளுமன்றமும் தீர்மானம் போடவில்லை. செர்ன் 1993 ஏப்ரல் 30 அன்று அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமை ஆக்கிவிட்டது. ராயல்டி இல்லை, ஆகவே வழக்கும் இல்லை. ‘முதலில் யார்’ என்ற கேள்வியின் சூட்டில் பாதி, பணத்தின் சூடு.

மீதிப் பாதி நம் தேர்வுமுறையின் சூடு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு ஒற்றைப் பெயர்தான் வசதி. தேர்வாணையம் உத்தேச விடைகளை வெளியிடும்போது ஆட்சேபம் தெரிவிக்கலாம், அதற்குப் புத்தக ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரமாகக் காட்டும் புத்தகமும் அதே ஒற்றைப் பெயரைத்தான் சொல்கிறது. இந்தச் சுற்றிலிருந்து வெளியேற மாணவனால் முடியாது, கேள்வி தயாரிப்பவரால் முடியும். வானொலியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்காதீர்கள். 1901இல் அட்லாண்டிக் கடந்து சமிக்ஞை பெற்றதாக அறிவித்தவர் யார் என்று கேளுங்கள். 1904இல் படிக உணரிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இந்தியர் யார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு, எந்த நாட்டு மாணவன் எழுதினாலும் அதே விடைதான் வரும்.